அடுத்தவர் எழுதியதை உங்கள் சொற்களில் எழுதுவது எப்படி?

கல்லூரி ப்ராஜெக்ட், பள்ளிக் கட்டுரை, செய்திச் சுருக்கம் என்று எதை எழுதினாலும், வேறொருவர் சொன்னதை நம் நடையில் சொல்ல வேண்டிய இடம் வந்தே தீரும். முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்வது, மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மாற்றுவது. 'நோய்' இருந்த இடத்தில் 'பிணி', 'வருடம்' இருந்த இடத்தில் 'ஆண்டு'. இதில் உழைப்பு நிறைய இருக்கிறது, ஆனால் எழுத்து இன்னும் அவருடையதுதான்.

தமிழில் எழுதுகிற நமக்கு இதற்கு ஒரு நல்ல வழி கையிலேயே இருக்கிறது. அது நம் பேச்சுத் தமிழ். ஒரு சிறிய பத்தியை எடுத்துக்கொண்டு செய்தே பார்க்கலாம். பயிற்சிக்காக நான் எழுதியது இது, வேறொருவர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"நெல்லை நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்தி அரைக்கும் முறையில், அவிக்கும்போதே தவிட்டிலுள்ள தயமின் எனப்படும் பி1 வைட்டமினின் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இதனால் தீட்டிய பச்சரிசியைவிடத் தீட்டிய புழுங்கலரிசியில் தயமின் பெரும்பாலும் அதிகமாக இருக்கிறது. தயமின் பற்றாக்குறை பெரிபெரி நோயை உண்டாக்கும்."

படி 1: புரியும்வரை படியுங்கள்

தயமின் முதலில் எங்கே இருந்தது, எப்போது இடம் மாறியது, அதனால் என்ன ஆனது? இந்த மூன்றுக்கும் பத்தியைப் பார்க்காமல் பதில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால் மறுபடி படியுங்கள். புரியாத ஒன்றை யாராலும் சொந்தச் சொற்களில் எழுத முடியாது.

படி 2: நாலைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்

தவிடு, தயமின், அவித்தல், ஒரு பகுதி, பெரிபெரி. அவ்வளவு போதும். முழு வாக்கியத்தைக் குறித்துவைத்தால் பிறகு அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர்கள், ஆண்டுகள், அளவுகள், துறைச் சொற்கள் ஆகியவற்றை மாற்ற வேண்டியதில்லை. தயமினுக்கு வேறு பெயர் தேடி அலைய வேண்டாம்.

படி 3: மூலத்தை மூடிவிட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ சொல்வதுபோல, பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் போனில் பதிவு செய்யுங்கள். ஏறக்குறைய இப்படி வரும்:

"அரிசியத் தீட்டும்போது தவிடு போயிடுது, சத்தும் கூடவே போயிடுது. புழுங்கலரிசின்னா நெல்லா இருக்கும்போதே அவிச்சிடுறாங்கல்ல, அப்பவே சத்து உள்ள எறங்கிடும். அப்புறம் தீட்டினாலும் போகாது. அந்தச் சத்து இல்லன்னா பெரிபெரி வரும்."

வரிசை மாறியிருப்பதைப் பாருங்கள். மூலம் ஊறவைப்பதில் தொடங்குகிறது. பேச்சோ தீட்டும்போது என்ன இழக்கிறோம் என்பதில் தொடங்குகிறது. 'ஊறவைத்து, அவித்து, உலர்த்தி' என்று எச்சம் எச்சமாக நீண்ட வாக்கியமும் தானாகவே உடைந்துவிட்டது. எழுதும்போது மூலத்தின் கட்டுமானத்தை விட்டு வெளியே வருவது சிரமம். பேசும்போது அது இயல்பாக நடந்துவிடுகிறது.

படி 4: சொன்னதை எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள்

இப்போதும் மூலத்தைத் திறக்க வேண்டாம்.

"அரிசியைத் தீட்டும்போது தவிடு போகிறது, அதிலுள்ள தயமினும் கூடவே போய்விடுகிறது. புழுங்கலரிசியை நெல்லாக இருக்கும்போதே அவித்துவிடுவதால் தயமின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது போவதில்லை. பெரிபெரி வருவது தயமின் குறைவதால்தான்."

படி 5: இப்போது மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, மூலத்தின் சொற்றொடர் எங்காவது அப்படியே வந்திருக்கிறதா? வந்திருந்தால் மாற்றுங்கள். மாற்றினால் கெட்டுவிடும் என்று தோன்றும் அழகான தொடரை மேற்கோள் குறிக்குள் வைத்துவிடுங்கள். இந்தச் சோதனை எளிது.

இரண்டாவது, பொருள் கூடியோ குறைந்தோ போனதா? பேச்சில் நாம் எதையும் அழுத்திச் சொல்லிவிடுவோம். மூலத்தில் 'ஒரு பகுதி' என்றும் 'பெரும்பாலும்' என்றும் இருந்தது. நாம் 'இறங்கிவிடுகிறது', 'போவதில்லை' என்று முடித்துவிட்டோம். அந்த ஆசிரியர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. "தயமினில் ஓரளவு உள்ளே இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் பொதுவாக அதிகம் மிஞ்சுகிறது" என்று திருத்த வேண்டும். சொற்களைத் திருடுவதைவிட, சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது.

நீங்கள் வேறிடத்தில் படித்ததும் இதற்குள் நுழையப் பார்க்கும். 1890களில் ஜாவாவில் தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற நோய் வந்ததைக் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கவனித்தார், 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தாராளமாக எழுதுங்கள். ஆனால் அதைத் தனி வாக்கியமாக, அதற்குரிய ஆதாரத்தோடு எழுதுங்கள். இந்தப் பத்தியை எழுதியவர் வாயில் அதைப் போடாதீர்கள்.

படி 6: யார் சொன்னது என்று எழுதுங்கள்

சொற்கள் உங்களுடையவை ஆனாலும் கருத்து அவருடையதுதான். "என்கிறார்", "என்று எழுதியிருக்கிறார்" போதும். "மிஞ்சுமாம்" என்று எழுதினால் உங்களுக்கே நம்பிக்கை இல்லாததுபோல ஒலிக்கும். "ஒப்புக்கொள்கிறார்" என்றால் அவர் ஏதோ மறைத்ததுபோல ஆகிவிடும். அவர் 'நாங்கள்' என்று எழுதியிருந்தால் அது யாரைக் குறிக்கிறது என்று பார்த்து, "அந்த ஆய்வுக் குழுவினர்" என்பதுபோல மாற்றுங்கள். பள்ளியில் நேர்கூற்றை அயற்கூற்றாக்கும்போது 'நாளை' என்பதை 'மறுநாள்' என்று மாற்றினோமே, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அதற்காக மென்பொருள் காட்டும் எண்ணைக் குறைப்பதிலேயே குறியாக இருக்காதீர்கள். ஒவ்வொரு சொல்லாக மாற்றி அந்த எண்ணைக் குறைத்துவிட முடியும், உங்கள் வழிகாட்டி படித்தால் கண்டுபிடித்துவிடுவார்.

முதல் பயிற்சிக்கு மூன்று நான்கு வரிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். இன்றைய நாளிதழில் ஒரு அறிவியல் செய்தியின் முதல் பத்தி சரியாக இருக்கும். கவிதையையும் சட்ட வாசகத்தையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அவற்றில் ஒரு சொல் மாறினாலே பொருள் மாறிவிடும்.