மூன்று வலைப்பூவை ஒன்றாக்கினேன்: என் அனுபவம்

கூகுளின் இலவச வலைப்பூ சேவையான பிளாகரில் ஒரே கணக்கில் 100 வலைப்பூ வரை திறக்கலாம், அதனால் புதிதாக வருபவருக்குத் தலைப்புக்கு ஒன்று திறக்கலாமே என்று தோன்றுவது இயல்புதான். என்னிடம் புத்தகம், புகைப்படம், கணினிக் குறிப்பு என மூன்று இருந்தன. டெம்ப்ளேட்டைச் சரிசெய்வது, ஸ்பாம் கமெண்ட்டை அழிப்பது, வேலை செய்யாத இணைப்பைத் தேடுவது என்று எல்லாமே மூன்று மடங்கு. எழுத நேரமே மிஞ்சாது.

சரி, ஒன்று போதும் என்று முடிவெடுத்தேன். அதிகம் பேர் படித்த கணினி வலைப்பூவை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலும் பழைய பதிவுகளுக்கு முதலில் லேபிள் (பதிவு எந்த வகை என்று காட்டும் சொல்) போட்டேன், அப்புறம் அமைப்புகளில் போய் பேக்கப் எடுத்து, கிடைத்த கோப்பை இதில் இறக்குமதி செய்தேன். கமெண்ட்டுகளும் கூடவே வந்துவிட்டன. ஒவ்வொரு லேபிளுக்கும் தனி முகவரி உண்டு, அதை மெனுவில் வைத்துவிட்டால் புத்தகம் மட்டும் படிக்க வருபவர் நேராக அங்கே போய்விடுவார்.

கை வலித்தது ஒரே இடத்தில்தான். பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் பிளாகரின் ரீடைரக்ட் வசதி அதே வலைப்பூவுக்குள் மட்டுமே வேலை செய்யும், ஆகவே பழைய இடத்தில் ஒவ்வொரு பதிவையும் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, புதிய முகவரியைக் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. பதிவுகள் குறைவாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது வலைப்பூ வேண்டுமா? வேறு மொழியில் எழுதினால் கட்டாயம் வேண்டும். மற்றபடி, ஒரு லேபிளுக்குத் தொடர்ந்து எழுத விஷயமும் அதற்கென்றே வரும் வாசகர்களும் சேரும் வரை நான் திறக்கமாட்டேன்.