வளவின் ஓரத்தில் நிறுத்திப் படமெடுங்கள்

செட்டிநாட்டு வீட்டின் வளவு என்பது திறந்த முற்றமும் அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரமும் கொண்ட பகுதி. அங்கே ஒருவரைப் படமெடுக்கும்போது நடுமுற்றத்தில் நிறுத்தாதீர்கள். தூண்களை ஒட்டி, நிழலுக்குள் ஓரடி தள்ளி, முகம் முற்றத்தை நோக்கிச் சற்றே திரும்பியிருக்குமாறு நிறுத்துங்கள். நீங்களும் அதே தாழ்வாரத்தில் நின்று எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

முற்றத்தில் நின்றால் வெயில் தலைக்கு மேலிருந்து இறங்கி, கண்குழியிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். ஓரத்திலோ வானத்து வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக வரும். பின்னால் தூண்வரிசை மங்கி, முகம் தனித்துத் துலங்கும். கருவிழியில் முற்றத்தின் வெளிச்சம் சிறு வெள்ளைச் சதுரமாக மின்னுகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தால் நிற்கும் இடம் சரி. செல்போனில் எடுப்பவர்கள் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் தேக்குத் தூண்களின் நிறமும் வெளிறாது.

உச்சிவேளையில் இது அவ்வளவாக எடுபடாது. தரையில் பதித்த சிவப்பு ஆத்தங்குடிக் கல்லில் நேர்வெயில் பட்டால் அந்தச் சிவப்பு முகவாயில் ஏறிவிடும். முற்றத்துக்கு மேலே வெளிச்சம் புகும் பச்சை, நீலத் தகடு போட்டிருக்கும் வீடுகளில் அந்த நிறம் முகத்தில் படியும் என்பதால் எந்த நேரமும் சரிவராது. அங்கே வாசல் திண்ணைதான் நல்லது.