எலும்பு மூட்டு மருத்துவமனையின் வரலாற்றையும் விழுமியங்களையும் எழுதுவது எப்படி

வெள்ளி விழாவோ நூற்றாண்டு விழாவோ நெருங்கும்போது, எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கென்றே இயங்கும் மருத்துவமனையில் யாரேனும் ஒருவரிடம், பெரும்பாலும் ஓய்வுபெற்ற மருத்துவரிடமோ மூத்த செவிலியரிடமோ, நிறுவனத்தின் வரலாற்றையும் விழுமியங்களையும் எழுதித்தரும் பொறுப்பு வந்து சேர்கிறது. இப்படி எழுதப்படும் மலர்கள் பலவற்றில் முதல் பாதி முழுவதும் அடிக்கல் நாட்டியவர், கட்டடம் திறந்தவர், கருவி வாங்கிய ஆண்டு என்று செல்லும். இரண்டாம் பாதியில் கருணை, நேர்மை, உயர்தரம் ஆகிய சொற்கள் வரிசையாக நிற்கும். முதல் பாதியில் நடந்தவற்றுக்கும் இரண்டாம் பாதியில் சொல்லப்படுவனவற்றுக்கும் தொடர்பே இருக்காது. இந்த இரண்டையும் ஒரே கதையாக எழுதும் வழியைத்தான் இங்கே விளக்குகிறேன். அடிப்படை விதி ஒன்றுதான்: மருத்துவமனை தன் விழுமியம் என்று எதைச் சொன்னாலும், அதற்காக அது எதையேனும் விட்டுக்கொடுத்த, அல்லது தன் வழக்கத்தை மாற்றிக்கொண்ட ஒரு முடிவு வரலாற்றுப் பகுதியில் இருக்க வேண்டும்.

கட்டடத்திலிருந்து அல்ல, படுக்கையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுக்கு ஓர் ஆண்டு என்று தேர்ந்தெடுத்து, அந்த ஆண்டில் சேர்ந்தவர்களின் வயது, நோய், தங்கிய நாட்கள் ஆகிய மூன்றையும் மட்டும் தாளில் எழுதுங்கள். பெயர்கள் தேவையில்லை. இந்த ஒரு பணியைப் பொறுமையாகச் செய்து முடித்தாலே வரலாற்றின் எலும்புக்கூடு கையில் கிடைத்துவிடும். ஏனெனில் எலும்பு மூட்டு மருத்துவமனைகளின் உருவத்தைத் தீர்மானித்தவை, நிறுவனர்களின் விருப்பங்களைவிட, அந்தந்தக் காலத்தில் படுக்கைகளை நிரப்பிய நோய்களே.

இத்துறை குழந்தைகளிடமிருந்து பிறந்தது. 1741இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி உருவாக்கிய 'ஆர்த்தோபீடி' என்ற சொல், நேர் என்றும் குழந்தை என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. கோணி வளர்ந்த இளமரத்தைக் கொம்பு நட்டுக் கயிற்றால் கட்டியிருக்கும் அவருடைய படம் இன்றும் உலகெங்கும் இத்துறையின் சின்னமாக விளங்குகிறது. 1780இல் ஷான் ஆந்திரே வெனல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்ப் என்ற ஊரில் இதற்கென்றே தொடங்கிய நிலையமும் உடல் கோணிய குழந்தைகளுக்கானதே. அதன் பின்பு நெடுங்காலம் எலும்புக் காசநோய், எலும்பு மென்மையாகி வளையும் கணைச்சூடு (ரிக்கெட்ஸ்), இளம்பிள்ளை வாதம் (போலியோ) ஆகியவையே வார்டுகளை நிரப்பின. ஒரு குழந்தை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் படுத்திருக்க நேர்ந்ததால் மருத்துவமனைக்குள் பள்ளிக்கூடம் வந்தது; வெயிலும் காற்றும் படும்படி திறந்த தாழ்வாரங்கள் எழுந்தன; கால்சட்டங்களும் இடுப்புவார்களும் செய்யும் பட்டறை அமைந்தது. உங்கள் மருத்துவமனையில் காரணம் தெரியாமல் நிற்கும் அகன்ற வராந்தா ஒன்று இருக்குமானால், அதன் விளக்கம் பெரும்பாலும் பதிவேட்டின் 'தங்கிய நாட்கள்' என்ற பத்தியில் கிடைக்கும்.

பிறகு அந்தப் பத்தியில் எண்கள் எங்கே சரிகின்றன என்று பாருங்கள். 1943இல் காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1955இல் போலியோ தடுப்பூசி பயனுக்கு வந்தது. இவை பரவப் பரவக் குழந்தைகள் வார்டுகள் காலியாகத் தொடங்கின. தொடை எலும்பு முறிந்தவர் எடை கட்டித் தொங்கவிட்ட காலுடன் ஏறத்தாழ 3 மாதம் படுத்திருந்த நிலையை, ஜெர்மன் அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குண்ட்ஷர் 1940இல் அறிமுகப்படுத்திய, எலும்பின் உள்ளே நீண்ட உலோக ஆணியைச் செலுத்தும் எலும்பு உள்ளாணி முறை மெல்ல மாற்றியது. காலியான படுக்கைகளுக்குச் சாலை விபத்தில் அடிபட்டவர்களும் மூட்டுத் தேய்ந்த முதியவர்களும் வந்தார்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனை இந்தத் திருப்பத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு. காசநோய் மருத்துவமனையாக இருந்த அங்கேதான் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் இடுப்புக் குழியில் அடர் பாலித்தீன் கிண்ணம் பொருத்திய இடுப்பு மூட்டு மாற்று அறுவையைத் தொடங்கினார். உங்கள் நிறுவனத்திலும் இப்படி ஒரு திருப்பம் இருக்கும். அது நடந்த ஆண்டைக் கண்டுபிடித்து, அப்போது நிர்வாகம் எதை மூடியது, யாரை வேறு பணிக்குப் பயிற்றுவித்தது, எதைச் செய்யத் தயங்கியது என்பதை விரிவாக எழுதுங்கள். வரலாற்றுப் பகுதியில் அதிகப் பக்கங்களுக்கு உரியது இந்த இடமே.

நிறுவனரை மனிதராக எழுதுங்கள்

நிறுவனரைப் பற்றி எழுதும்போது கை தானாகவே புகழ்மாலை கட்டத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு கேள்வி உதவும்: அவர் எதை நம்பினார், அந்த நம்பிக்கையை மருத்துவமனை பிற்பாடு வைத்துக்கொண்டதா, கைவிட்டதா? நியூயார்க்கில் ஜேம்ஸ் நைட் 1863இல் தம் சொந்த வீட்டில் 28 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். நைட் கத்தியை நம்பியவரல்லர். கட்டுச்சட்டம், நல்லுணவு, வெயில், காற்று ஆகியவற்றையே நம்பினார். அவருக்குப்பின் 1887இல் பொறுப்பேற்ற வெர்ஜில் கிப்னி அறுவைச் சிகிச்சைக்கு இடம் கொடுத்தார். 1940இல் அந்த மருத்துவமனையின் பெயரிலேயே 'சிறப்பு அறுவைச் சிகிச்சை' என்ற சொற்கள் ஏறின. நிறுவனரின் கொள்கைக்கு நேர் எதிர்த் திசையில் ஒரு நிறுவனம் வளர்ந்தது என்று வெளிப்படையாக எழுதுவது நிறுவனருக்கு இழுக்கு அன்று; நோயாளியை நடக்கவைக்க வேண்டும் என்ற நோக்கம் மாறாமலிருக்க வழிமுறை மாறிய கதை அது.

நிறுவனர்களுள் சிலர் தாமே நோயாளிகளாக இருந்தவர்கள் என்பது இத்துறையின் தனிச்சிறப்பு. லண்டனில் எலும்பியல் மருத்துவமனைக்கு அடித்தளமிட்ட வில்லியம் ஜான் லிட்டில் வளைபாதம், அதாவது உள்நோக்கித் திரும்பிய பாதம், உடையவர். 1836இல் ஹனோவர் நகரில் லூயி ஸ்ட்ரோமையர் செய்த தசைநாண் அறுவையால் பாதம் சீரான பிறகே அந்த முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். சிறுவயதிலேயே இடுப்பு மூட்டு நோயால் பாதிக்கப்பட்ட செவிலியர் ஆக்னஸ் ஹன்ட் 1900இல் இங்கிலாந்தின் பாஸ்சர்ச் என்ற சிற்றூரில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில் அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் அவருடன் இணைந்தார். 1921இல் ஆஸ்வெஸ்ட்ரிக்கு இடம்பெயர்ந்த அந்த மருத்துவமனை இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. எலும்பு கட்டும் வைத்தியர் பரம்பரையில் வந்த ஹியூ ஓவன் தாமஸிடம் தொழில் கற்றவர் ஜோன்ஸ். உங்கள் மருத்துவமனையின் முதல் மருத்துவர் யாரிடம் கற்றார், படிப்பறியாத கைகளிடமிருந்தும் எதையேனும் பெற்றாரா என்று தேடுங்கள். கிடைத்தால் கூச்சமின்றி எழுதுங்கள்.

யாரிடம் கேட்பது

நேர்காணலுக்குத் தலைமை மருத்துவர்களை மட்டும் அணுகுவது பெருந்தவறு. மாவுக்கட்டு அறையில் முப்பது ஆண்டுகள் பணிசெய்தவர், செயற்கைக் கால் செய்பவர், வார்டு உதவியாளர், பிசியோதெரபிஸ்ட், வார்டுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஆகியோரிடம்தான் மருத்துவமனை உண்மையில் எப்படி நடந்தது என்ற அறிவு தங்கியிருக்கிறது. பொதுவான கேள்விகளுக்குப் பொதுவான விடைகளே வரும். ஆகவே எலும்பை அசையாமல் பிடிக்கும் ஒரு பழைய சிம்பையோ கால்சட்டத்தையோ கையில் கொடுத்து, இதை எப்படிப் பூட்டுவீர்கள், எந்த இடத்தில் தோல் உரியும், குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பொருளைத் தொட்டவுடன் நினைவு திறந்துகொள்ளும்.

பழைய நோயாளிகளிடம் பேசும்போது எழுத்து மூலமான இசைவு பெறுவது கட்டாயம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த குழந்தைகளின் படங்கள் ஆவண அறைகளில் கட்டுக்கட்டாக இருக்கும். அவற்றை எடுத்தபோது யாரும் அந்தக் குழந்தையிடம் கேட்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். முகம் தெரியும் படத்தை, உரியவரின் அனுமதி இல்லாமல் அச்சிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சொற்களிலும் இதே கவனம் வேண்டும். தமிழில் முடநீக்கியல் என்ற துறைப்பெயர் இன்றும் பலகைகளில் இருக்கிறது; பிற மொழிகளிலும் பழைய மருத்துவமனைகள் பல, இன்று காதுக்கு உறுத்தும் பெயர்களையே தாங்கியிருந்தன. வரலாற்றுப் பெயர்களைத் திருத்தாமல் அப்படியே கொடுங்கள். உங்கள் சொந்த வாக்கியங்களில் அந்தச் சொற்களைப் பயன்படுத்தாதீர்கள். பெயர் எப்போது, யார் கேட்டதால் மாற்றப்பட்டது என்ற விவரம் இருந்தால் அதுவே ஒரு விழுமியத்துக்கான சான்று.

விழுமியங்களைச் சான்றுடன் எழுதுங்கள்

இனிக் கடினமான பகுதி. மருத்துவமனை ஏற்கனவே அறிவித்திருக்கும் விழுமியங்களை ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இதற்காக நாம் எதை இழந்தோம்?' என்று கேளுங்கள். விடை இல்லாத சொல்லை நீக்கிவிடுமாறு நிர்வாகத்திடம் பரிந்துரையுங்கள். வருத்தப்படுவார்கள், ஆயினும் மூன்று உண்மையான விழுமியங்கள் பத்து அலங்காரச் சொற்களைவிட மேலானவை.

நேர்மை என்ற சொல்லுக்கு அளவுகோலாக நான் எப்போதும் எர்னஸ்ட் காட்மனையே நினைக்கிறேன். தோள்பட்டை நோய்களில் பெயர்பெற்ற இந்த பாஸ்டன் அறுவை மருத்துவர், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின்பும் தொடர்ந்து கவனித்து, இறுதியில் என்ன ஆயிற்று என்று பதிவுசெய்ய வேண்டும் என வலியுறுத்தினார். அவர் நடத்திய சிறு மருத்துவமனையிலிருந்து 1911க்கும் 1916க்கும் இடையில் வீடு திரும்பிய 337 பேரின் விவரங்களையும், அவர்கள் சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்களின் பகையையும் பொருள் இழப்பையும் அதற்காக ஏற்றார். உங்கள் மருத்துவமனை தன் மறு அறுவை விகிதத்தையோ நோய்த்தொற்று விகிதத்தையோ எப்போதாவது வெளியிட்டிருக்கிறதா? ஆம் எனில் நேர்மையைப் பற்றி எழுதுவதற்கு அந்த எண் போதும்.

சார்ன்லியின் கதையிலும் இப்படி ஒரு இடம் உண்டு. பாலித்தீனுக்கு முன் அவர் நூற்றுக்கணக்கானோருக்கு டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தியிருந்தார். சில ஆண்டுகளிலேயே அவை தேய்ந்து, துகள்கள் திசுவைக் கெடுத்தன. அவற்றைத் தாமே மீண்டும் திறந்து அகற்றினார். அடுத்து வந்த மூட்டு வெற்றி பெற்ற பின்பும், தம்மிடம் வந்து பயிலாத அறுவை மருத்துவர்களுக்கு அது விற்கப்படாதபடி சில காலம் தடுத்துவைத்தார். தோல்வியை மறைக்காமலும் வெற்றியை அவசரப்பட்டுப் பரப்பாமலும் இருந்த இந்த நடத்தையைப் 'பொறுப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் வாசகருக்கு உணர்த்த முடியாது. நிகழ்ச்சியைச் சொன்னால்தான் புரியும்.

செய்யாமல் விட்டவற்றையும் தேடுங்கள். வளைபாதக் குழந்தைகளுக்குப் பெரிய அறுவைகளே நல்லவை என்று பலர் நம்பிய பத்தாண்டுகளில், அமெரிக்காவின் அயோவாவில் மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைத் திருப்பும் முறையை விடாமல் கடைப்பிடித்தார். பின்னர் உலகம் அந்த முறைக்கே வந்தது. பெரிய அறுவை தேவையில்லை என்று சொல்லத் துணிந்த மருத்துவர் உங்கள் வரலாற்றிலும் இருக்கக்கூடும். வருவாய்க் கணக்கில் அவர் தென்படமாட்டார். புறநோயாளிச் சீட்டுகளில் தென்படுவார்.

வீடு திரும்பியவரைத் தொடர்வதும் இத்துறைக்கே உரிய விழுமியம். நேராக்கிய கால் கவனிப்பின்றி மீண்டும் கோணிவிடும் என்பதைக் கண்ட ஆக்னஸ் ஹன்ட், 1907 முதல் குழந்தைகளின் ஊர்களுக்கு அருகிலேயே பின்கவனிப்பு நிலையங்களை ஏற்படுத்தினார். ஸ்வீடன் 1975இல் முழங்கால் மாற்றுகளுக்கும் 1979இல் இடுப்பு மாற்றுகளுக்கும் தேசியப் பதிவேடு தொடங்கியதும் அதே அக்கறையின் பெரிய வடிவமே. 2010இல் ஒரு வகை உலோக இடுப்பு மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, யாருக்கு எது பொருத்தப்பட்டது என்ற பதிவு இருந்த மருத்துவமனைகளால் தம் நோயாளிகளை விரைவாக அழைத்துப் பரிசோதிக்க முடிந்தது. உங்கள் பதிவு முறை எப்போது தொடங்கியது, யார் அதைப் பேணினார் என்று எழுதுங்கள். அந்த எழுத்தரின் மேசையும் வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

சரிபார்ப்பு

'முதன்முதலாக' என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே குறித்துவைத்து, வேறொரு நிறுவனத்தின் ஆவணத்தோடு ஒப்பிட்டு உறுதியாகாதவற்றை நீக்குங்கள். தொடங்கிய ஆண்டு, பதிவுபெற்ற ஆண்டு, முதல் நோயாளி சேர்ந்த ஆண்டு ஆகிய மூன்றும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக்குங்கள். பிறகு முழு வரைவையும் மூவரிடம் கொடுங்கள்: இன்று பணியிலிருக்கும் இளம் செவிலியர் ஒருவர், நெடுநாள் சிகிச்சை பெற்ற முன்னாள் நோயாளி ஒருவர், மருத்துவமனையோடு மனக்கசப்புடன் பிரிந்த ஒருவர். மூன்றாமவர் சுட்டிக்காட்டும் விடுபடல்களையே முதலில் சரிசெய்யுங்கள். அச்சுக்குப் போகும்போது, பதிவேடுகளிலிருந்து நீங்கள் எடுத்த எண்களின் தாள்களையும் நேர்காணல் பதிவுகளையும் ஒரு பெட்டியில் வைத்துத் தேதியிட்டு ஆவண அறையில் ஒப்படைத்து, அதற்கு எழுத்து மூலமான ஒப்புகையும் பெற்றுக்கொள்ளுங்கள்.