கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் பிளேன் ஏறினால் எத்தனை மணிக்கு இறங்குவார்கள்? நீங்களே கணக்குப் போடலாம்

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாராவது டுபாய்க்கோ கட்டாருக்கோ கிளம்பினால் அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. பிளேன் இறங்கியிருக்குமா, ஏன் இன்னும் போன் வரவில்லை என்ற பயத்தில் பாதி, கணக்குத் தெரியாததால் வருவதுதான்.

முதலில் தூரம். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலைப் பூமத்திய ரேகையில் சுற்றி அளந்துகொள்ளுங்கள், அந்தச் சுற்று சுமார் 40,000 கிலோமீற்றர். நூல் 80 சென்ரிமீற்றர் வந்தால் ஒரு சென்ரிமீற்றருக்கு 500 கிலோமீற்றர். இனி அதே நூலைக் கொழும்பிலிருந்து லண்டன் வரை விறைப்பாக இழுத்துப் பாருங்கள், பதினேழரை சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும், அதாவது சுமார் 8,700 கிலோமீற்றர். சுவரில் மாட்டும் வரைபடத்தில் மட்டும் அளக்காதீர்கள், வடக்கே போகப் போக அது நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும்.

பிளேன் மணிக்குச் சுமார் 850 கிலோமீற்றர் பறக்கும் என்று வைத்து, தூரத்தை 850ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணித்தியாலம் கூட்டுங்கள். சென்னை சுமார் 700, ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். டுபாய் சுமார் 3,300, நாலரைக்குக் கிட்ட. லண்டனுக்கு இந்தக் கணக்கில் பத்தே முக்கால் வரும், ஆனால் போகும்போது பதினொன்றைத் தாண்டுவதுண்டு, ஏனென்றால் உயரத்தில் பலமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும்.

சரி, எல்லோரும் தடுமாறும் இடம் டிக்கெட். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாலை 6.30க்குக் கட்டுநாயக்கா, இரவு 9.45க்கு டுபாய் என்று போட்டிருந்தால் மூன்றேகால் மணித்தியாலம் என்று நினைத்துவிடாதீர்கள். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால், அதனால் போகிறவர் இறங்கும்போது நம் வீட்டுக் கடிகாரத்தில் 11.15. பயணம் நாலே முக்கால். கட்டார் இரண்டரை பின்னால். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை, மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை.

அப்புறம் திகதி. இதைத் தயவுசெய்து இரண்டு தடவை பாருங்கள். 12ஆம் திகதி 00.45 என்றால் 11ஆம் திகதி இரவு படுத்து எழும்பாமலே ஏற வேண்டிய பிளேன். என் சித்திக்கு இப்படி ஒரு டிக்கெட் வந்தபோது நாங்கள் 12ஆம் திகதி மத்தியானம் வான் பிடித்தோம், பிளேன் போய்ப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது, சித்தி அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்று மணித்தியாலம் முன்னால் எயார்போர்ட்டில் நிற்க வேண்டும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, அவிசாவளை வழியாக நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும், ஆகவே அந்த டிக்கெட்டுக்கு 11ஆம் திகதி பின்னேரம் 4 மணிக்குள் கிளம்பியே ஆக வேண்டும். மழை நாளென்றால் மண்சரிவு வரும், 2 மணிக்கே கிளம்புங்கள்.

இறங்கிய உடனே போன் வராது. குடிவரவு வரிசை, பெட்டி, அந்த ஊர் சிம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் போட்ட நேரத்தோடு இரண்டு மணித்தியாலம் கூட்டி வையுங்கள், அதுவரை அம்மாவைக் கொஞ்சம் படுக்கச் சொல்லுங்கள்.