லேசர் இணைவில் கைனெடிக் விளைவைப் பிரித்தறிவது எப்படி?

லேசரால் சிறு எரிபொருள் கூட்டை நசுக்கி அணுக்கருக்களை இணைக்கும் சோதனையில், வெளிவரும் நியூட்ரான்கள் கணிப்பைவிடக் குறைந்தால் காரணம் பலவாக இருக்கலாம். அயனிகள் மோதாமல் நழுவியதே (இதுதான் கைனெடிக் விளைவு) காரணம் என்று சொல்ல ஒரு ஷாட் (லேசரை ஒருமுறை சுடுதல்) ஒருபோதும் போதாது. வாயு அடர்த்தியை மட்டும் மாற்றிய ஷாட் வரிசை வேண்டும்.

முதலில் நூட்சன் எண்ணைக் கணக்கிடுங்கள்: அயனியின் சராசரி மோதலிடைத் தூரத்தை எரிபொருள் ஆரத்தால் வகுக்க வேண்டும். டியூட்டீரியம் 10 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில், கன சென்டிமீட்டருக்கு 10²² அயனிகள் என்றால் அத்தூரம் ஏறத்தாழ 300 மைக்ரான். ஆரம் 100 மைக்ரான் என்றால் எண் 3. பாய்ம நிரலை (பிளாஸ்மாவைத் திரவம்போலக் கருதிக் கணக்கிடும் கணினி நிரல்) அங்கே நம்ப முடியாது. தூரம் வெப்பநிலையின் இருமடிக்கேற்பக் கூடும், அடர்த்தி ஏற ஏறக் குறையும். கவனம்: இணைவது பெரும்பாலும் சராசரியைவிடச் சில மடங்கு ஆற்றலுள்ள அயனிகளே. அவற்றின் தூரம் பல மடங்கு நீளும். ஆகவே எண் 0.1 என்றாலும் நிம்மதி அடையாதீர்கள்.

இலக்குக்கு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஒமேகா லேசரில் (60 கற்றைகள்) பயன்பட்ட வடிவம் நல்லது: சுமார் 860 மைக்ரான் விட்டம், 2.3 மைக்ரான் தடிமன் கொண்ட கண்ணாடிக் கூடு. உள்ளே டியூட்டீரியமும் ஹீலியம்-3ம். அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 3 மில்லிகிராமிலிருந்து 1, 0.4, 0.15 என இறக்குங்கள். கூடு, லேசர் ஆற்றல், துடிப்பு வடிவம் மாறவே கூடாது.

பலரும் சறுக்கும் இடம் கசிவு. ஹீலியம் கண்ணாடி வழியே டியூட்டீரியத்தைவிட விரைவாக வெளியேறும். ஒவ்வொரு கூட்டின் கசிவு வேகத்தையும் அளந்து, ஷாட் நேரத்து விகிதத்தைக் கணக்கிடுங்கள். இல்லையேல் கசிவால் வந்த மாற்றம், இருவகை அயனிகளும் பிளாஸ்மாவில் தனித்தனியே பிரிந்தது போலத் தோன்றும்.

அடுத்து, நிறை அடர்த்தியை நிலையாக வைத்து வாயு விகிதத்தை மாற்றுங்கள். முழுதும் அயனியானால் டியூட்டீரியம் 2 நிறைக்கு 2 துகள், ஹீலியம்-3 3 நிறைக்கு 3 துகள் தரும். பாய்மக் கணக்குக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே விளைச்சல் (நடந்த இணைவுகளின் எண்ணிக்கை) அயனிப் பங்குகளின்படி மட்டுமே மாற வேண்டும். ஒமேகாவில் சரிபாதிக் கலவை எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பாதியே தந்தது. இந்த முடிவு 2006இல் வெளியானது.

டியூட்டீரியம் தன்னுடன் இணைகையில் வரும் 2.45 மெகா எலெக்ட்ரான்வோல்ட் நியூட்ரானையும் ஹீலியம்-3உடன் இணைகையில் வரும் 14.7 மெகா எலெக்ட்ரான்வோல்ட் புரோட்டானையும் ஒரே ஷாட்டில் எண்ணுங்கள். நியூட்ரான் நிறமாலையின் அரை உயர அகலம் (கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில்) 82.5 × √வெப்பநிலை (இதுவும் அதே அலகில்). ஆனால் பிளாஸ்மாவின் ஓட்டமும் அகலத்தைக் கூட்டும். எனவே இரு விளைச்சல்களின் விகிதத்திலிருந்தும் வெப்பநிலை எடுத்து ஒப்பிடுங்கள்.

அடர்த்தி குறையக் குறைய, அளந்த விளைச்சல் பாய்மக் கணிப்பிலிருந்து மேலும் மேலும் சரிகிறதா? கூட்டின் கண்ணாடி எரிபொருளில் கலப்பதும் அதே திசையில் இழுக்கக்கூடும். அதனால் எரிப்பு (இணைவு) நடந்த நேரத்தையும் எரிப்புப் பகுதியின் படத்தையும் பாருங்கள். நேரம் கணிப்போடு பொருந்தி விளைச்சல் மட்டும் விழுந்தால், லேசர் உறிஞ்சலைக் குற்றம் சொல்ல முடியாது. கலப்பை விலக்க, உச்ச விளைச்சல் கூடு மையத்தை நெருங்குமுன் அதிர்ச்சி அலையாலேயே வந்ததா என்று பாருங்கள். அதன்பின்தான் ஃபாக்கர்-பிளாங்க் நிரலை (அயனிகளின் வேகப் பரவலையும் மோதல்களையும் கணக்கிடும் நிரல்) ஓட்டிப் பாருங்கள்.