பழைய பிஎஸ்பியில் படம் ஓடவைப்பது: இரண்டு பிக்சலில் நான் மாட்டிக்கொண்ட கதை

பல வருடமாகச் சும்மா கிடந்த பிஎஸ்பி 2000ஐ (சோனியின் கையடக்க கேம் கருவி) போன மாதம் தூசி தட்டி எடுத்தேன். கேம் உடனே ஓடியது, படம்தான் மூன்று நாள் இழுத்தடித்தது. உங்களுக்கு அந்த மூன்று நாள் வேண்டாம்.

முதலில் பேட்டரி. கழற்றி மேசையில் வைத்து விரலால் சுண்டுங்கள், பம்பரம் மாதிரி சுற்றினால் ஊதிவிட்டது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் போடவே போடாதீர்கள், வேறு வாங்குங்கள்.

அடுத்தது மெமரி ஸ்டிக், அதாவது பிஎஸ்பியின் சேமிப்பு கார்டு. பழைய ப்ரோ டுயோ கார்டைத் தேடி அலையாமல், மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டர் வாங்கிவிடுங்கள். ஒரு கார்டு போடுவதே போதும். இரண்டு கார்டு போடும் வகையில் தரவு இரண்டிலும் பிரிந்து உட்காரும், ஒன்று போனால் எல்லாம் போச்சு. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவில் வரும், பிஎஸ்பிக்கு அது புரியாது. செட்டிங்ஸில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குப் போய் பிஎஸ்பியிலேயே ஃபார்மட் செய்துவிடுங்கள்.

கேமுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த நாட்டு யூஎம்டி (பிஎஸ்பிக்கான குட்டி டிஸ்க்) கேமும் எந்த பிஎஸ்பியிலும் ஓடும் (யூஎம்டியில் வந்த படங்களுக்கு மட்டும்தான் ரீஜன் பூட்டு). பிஎஸ்பி 2000 அல்லது அதற்குப் பிறகு வந்த, யூஎம்டி போடும் மாடல் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் யூஎம்டி கேஷை ஆன் செய்து பாருங்கள், அதில் 32க்குப் பதில் 64 எம்பி ரேம் இருப்பதால் கிடைக்கும் வசதி அது.

இப்போது படம். ஆன்லைன் கன்வர்ட்டர்கள் பக்கமே போகாதீர்கள், வீடியோவை மாற்ற கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருள் போதும். வடிவம் எம்பி4, வீடியோ எச்.264, ப்ரொஃபைல் பேஸ்லைன், லெவல் 3.0. மெயின் ப்ரொஃபைலும் ஓடும், ஆனால் அதில் பி-ஃப்ரேம் பிரமிடை அணைக்க வேண்டும், அந்தத் தலைவலி எதற்கு? ஃபைல் கொஞ்சம் பெரிதானாலும் பேஸ்லைனே என் கட்சி. ஃப்ரேம் ரேட் 30ஐத் தாண்டக் கூடாது, போனில் எடுத்த 60 ஃப்ரேம் வீடியோ என்றால் குறைத்துவிடுங்கள். ஆடியோ ஏஏசி, ஸ்டீரியோ. பிஎஸ்பியின் ஸ்பீக்கர் முனகத்தான் செய்யும், அதனால் கெயினை நான்கைந்து டெசிபெல் ஏற்றிவைப்பது என் வழக்கம்.

நான் விழுந்த பள்ளம் அளவில் இருந்தது. பிஎஸ்பி திரை 480க்கு 272. அகலத்தில் 480 என்று போட்டதும் ஹேண்ட்பிரேக் விகிதத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று உயரத்தைத் தானாக 270 ஆக்கிவிட்டது. இரண்டு பிக்சல்தானே என்று விட்டேன், பிஎஸ்பியோ ‘அன்சப்போர்ட்டட் டேட்டா’ என்று மட்டும் சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. ப்ரொஃபைலை மாற்றினேன், ஆடியோவை மாற்றினேன், கார்டையே மாற்றினேன். கடைசியில் பார்த்தால் 272 என்பது 16ஆல் வகுபடும், 270 வகுபடாது. அனமார்ஃபிக்கை ‘நன்’ ஆக்கி, கிராப்பிங்கையும் அணைத்து, 272ஐக் கையால் போட்டதும் சமர்த்தாக ஓடியது. கிராப்பிங்கை விட்டுவைத்தால் மேலே கீழே உள்ள கறுப்புப் பட்டையை வெட்டிவிட்டு இன்னொரு வினோத அளவைக் கொண்டுவந்து நிறுத்தும், ஜாக்கிரதை. வீடியோவுக்கு 600, ஆடியோவுக்கு 128 கேபிபிஎஸ் வைத்தால் இரண்டு மணி நேரப் படம் 650 எம்பி சுமாருக்கு வரும். சப்டைட்டில் வேண்டுமென்றால் ‘பர்ன் இன்’ செய்தே (படத்தின் மேலேயே பதித்தே) ஆக வேண்டும், தனி சப்டைட்டில் ஃபைலை பிஎஸ்பி சீந்தாது.

அப்புறம் மினி யூஎஸ்பி கேபிளில் இணைத்து, கார்டைத் திறந்ததும் தெரியும் வீடியோ ஃபோல்டரில் போடுங்கள். இல்லையென்றால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் நீங்களே உருவாக்கலாம். படம் ஓடும்போது பவர் ஸ்விட்சைக் கீழே தள்ளி ஹோல்டில் வையுங்கள், கை பட்டு நின்றுபோகாது.

பின்சேர்க்கை: வீடியோ ஃபோல்டரில் போட்டும் எதுவுமே தெரியவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய ஃபர்ம்வேர் (பிஎஸ்பிக்குள் இருக்கும் மென்பொருள்) 2.80க்கும் முந்தையது, அதற்கு ஃபோல்டர் வேறு. 6.61க்கு அப்டேட் செய்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு பின்சேர்க்கை: மேக்கிலிருந்து காப்பி செய்தால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஓடாத இன்னொன்று தெரிகிறதாம். புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்து மேக் எழுதும் குட்டி ஃபைல்கள் அவை. மேக்கில் மறைந்திருக்கும், விண்டோஸில் கார்டைச் சொருகி அழித்துவிடுங்கள், படத்துக்கு ஒன்றும் ஆகாது.