போல்ட்டைக் கழற்றும் முன் திருப்புளியைப் பாருங்கள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் என் அப்பா பால்மரம் வெட்டினார். விடியுமுன் லயத்து வாசலில் குந்தி, கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைத் தீட்டுவார். வெட்டு ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் விழும். காயம் முண்டு கட்டும். அந்த இடத்தில் மறுபடி கத்தி ஓடாது. ராணுவத்தில் 21 ஆண்டுகள் துப்பாக்கி பழுதுபார்த்தேன். பிறகு ஈப்போவில் உரிமம் பெற்ற கடையொன்றில் அதே வேலை. துப்பாக்கியின் போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உருளை. அங்கு என் மேசைக்கு வந்த போல்ட்டுகளில் பாதிக்கு மேல் தேய்மானத்தால் கெட்டவை அல்ல, பொருந்தாத கருவி பட்டுக் காயம்பட்டவை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கூடாது. துப்பாக்கியின் உறுப்பும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. ஆகவே போல்ட்டின் முனையில் திருகிப் பொருத்தும் தலையைக்கூட, அதாவது ஒரு போல்ட் தலையை, தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். உரிமம் பெற்ற கடைகளிலும் படைக் கிடங்குகளிலும் இந்த வேலையைக் கற்கும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்தது லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளும் அதன் குட்டையான தம்பி நம்பர் 5-ம். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அவசரகாலம் வந்தது. அந்தக் காட்டுப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தூக்கித் திரிந்தது நம்பர் 5. எடை குறைக்க அதன் போல்ட் கைப்பிடிக் குமிழையே குடைந்திருப்பார்கள். குமிழைத் திருப்பிப் பாருங்கள், ஓட்டை தெரியும். எங்கள் ஈரக் காற்றில் துரு பிடிக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த ஓட்டைக்குள்தான்.

கருவிகளில் முதல் செலவு திருப்புளிக்கு. கடைத்தெருவில் கிடைப்பதன் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். திருகாணியின் காடியில் மேல் விளிம்பை மட்டும் பிடித்து, வழுக்கி, விளிம்பைச் சிதைத்துவிடும். பக்கங்கள் இணையாகக் கடையப்பட்ட முனை வேண்டும். காடியின் அகலத்தையும் பருமனையும் நிரப்பி, தலைகீழாகப் பிடித்தாலும் சற்று ஒட்டி நிற்க வேண்டும். சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்டிராக்டரைப் பிடிக்கும் திருகாணி மிகச் சிறியது. அதற்கென்று தனியாக ஒரு முனை வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்த திருகாணிக்குப் பதிலாக மில்லிமீட்டர் மரைத் திருகாணியை முடுக்காதீர்கள். பழைய ஆங்கிலேய மரை வேறு. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் மரையைத் தின்றுவிடும்.

அடுத்து, ஸ்ட்ரைக்கர் கழற்றும் குழல். ஸ்ட்ரைக்கர் என்பது தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி. குழலின் முனையில் இரண்டு பற்கள் இருக்கும். போல்ட் தலையைக் கழற்றிவிட்டு, முன்புறமாக இதை நுழைத்து, ஸ்ட்ரைக்கர் கழுத்துப் பட்டையின் காடிகளில் பற்களை உட்கார வைக்க வேண்டும். பின்னால் உள்ள பூட்டுத் திருகாணியை எடுத்த பிறகே திருப்ப வேண்டும். இதை மறந்து முரட்டுத்தனமாகத் திருப்பி, மரையைப் பிய்த்து எடுத்து வந்தவர்கள் உண்டு. குழலின் பற்கள் கடினப்படுத்திய எஃகாக இருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவை முதல் திருப்பிலேயே உருண்டுபோகும்.

உதிரிபாகத்துக்கு வருவோம். அளக்காமல் வாங்காதீர்கள். நம்பர் 4 போல்ட் தலைகள் 0, 1, 2, 3 என்று எண் குத்தி வந்தவை; எண் ஏற ஏற நீளம் ஏறும். ஆனால் ஒரே எண் கொண்ட இரண்டு தலைகள் ஒரே நீளத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரை நம்புங்கள். போல்ட் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே தோட்டா விளிம்பு உட்காரும் இடைவெளியைப் பார்க்க இரண்டு கேஜ்கள், அதாவது அளவுக்கட்டைகள், போதும்: 0.064 அங்குலக் கேஜை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குலக் கேஜை வைத்தால் மூடக் கூடாது. விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். கைப்பலம் கொடுத்தால் மூடாததும் மூடிவிடும். ஸ்ட்ரைக்கர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு 0.040-லிருந்து 0.050 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும்.

போல்ட் உடல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கைப்பிடி போல்ட்டோடு சேரும் இடத்தில் உள்ள எண்ணும், போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு எண்ணுள்ள போல்ட் போட்ட நம்பர் 5 ஒன்று ஒருமுறை வந்தது. கேஜில் தேறியது. எனக்கு மனம் ஒப்பவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் கரியை போல்ட்டை ரிசீவரில் மாட்டிப் பூட்டும் இரண்டு புடைப்புகளான பூட்டுக் காதுகளிலும் லேசாகப் படியவிட்டு, போல்ட்டை மூடித் திறந்தேன். வலப்பக்கக் காதான நீண்ட முகடு பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது. இடப்பக்கக் குட்டைக் காதில் கரி அப்படியே இருந்தது. அழுத்தம் முழுவதையும் ஒரே பக்கம் சுமந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கியைச் சுடக் கூடாது என்று எழுதிக் கட்டித் திருப்பிக் கொடுத்தேன். கேஜ் நீளத்தை மட்டுமே சொல்லும். இரண்டு காதும் சேர்ந்து தாங்குகிறதா என்பதைக் கரிதான் காட்டியது.

எக்ஸ்டிராக்டரும் அதன் தகட்டு ஸ்பிரிங்கும் அடிக்கடி மாற்றுபவை. புதிதாக வார்த்தவற்றைவிடக் கிடங்கில் கிடந்த பழைய அசலையே நான் எடுப்பேன். கொக்கியின் ஓரத்தில் மெல்லிய அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அசலில் அரம் வழுக்கும், மென்மையான உலோகத்தில் கடிக்கும். ஸ்ட்ரைக்கரைத் தள்ளும் ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிட்டால் போதும்.

எண்ணெய்க்குப் பெரிய யோசனை வேண்டாம்: மெல்லிய கனிம எண்ணெய், பூட்டுக் காதுகளில் துளி கிரீஸ். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பழைய .303 தோட்டாக்கள் பலவற்றின் பின்புறத்தில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உப்பு விடும்; எண்ணெய் அதைக் கரைக்காது. போல்ட் முகத்தைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, பிறகு எண்ணெய் தடவுங்கள்.

திரும்பப் பூட்டும்போது போல்ட் தலையை அது நிற்கும்வரை திருகுங்கள். ஒரு சுற்றுக் குறைவாக நின்றாலும் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சரியாகவே தோன்றும். அதனால் நான் ஒவ்வொரு முறையும் கழற்றி, சுற்றுகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே மறுபடி திருகுவேன். அறை காலி என்று கண்ணால் ஒருமுறை, சுண்டுவிரலால் ஒருமுறை பார்த்த பிறகே போல்ட்டை உள்ளே தள்ளுவேன்.